சேறு படம் போட்ட குமிழை நம்பி எஸ்யூவி வாங்காதீர்கள்

தாண்டிக்குடி பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம் இருக்கிறது. தார் ரோடு முடிந்த பிறகு மண்பாதைதான். மழை பெய்தால் கால் வைத்தாலே வழுக்கும். அந்தப் பாதைக்காகவே எஸ்யூவி பார்க்கப் போனேன், ஷோரூமிலும் அதைச் சொல்லித்தான் கேட்டேன். சேல்ஸ்மேன் கியர் பக்கத்தில் இருந்த குமிழைத் திருகிக் காட்டினார். பனி, மணல், சேறு என்று சின்னச் சின்னப் படங்கள். "சேத்துல வச்சுட்டா எங்க வேணா ஏறும் சார்." அவர் முதுகுக்குப் பின்னால் பெரிய திரையில் அதே வண்டி ஆற்றைக் கிழித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது.

ஐப்பசி மழையில், தோட்டத்துக்குப் பாதி ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டது. குமிழ் சேற்றில்தான் இருந்தது. முன்சக்கரம் இரண்டும் சேற்றை வாரி இறைத்துக்கொண்டே இறங்குகின்றன; பின்சக்கரங்கள் கெட்டியான தரையில் சும்மா நிற்கின்றன. கிளட்ச் கருகும் நாற்றம் வேறு. மூட்டை ஏற்றிக்கொண்டு வந்த ஜீப்புக்காரர் கயிறு கட்டி இழுத்துவிட்டு, "முன்வீல் வண்டியைக் கொண்டுவந்து ஏன்ணே இதுல ஏத்துறீங்க?" என்றார். சர்வீஸ் சென்டரில் கிளட்சுக்கு வாரன்டி தரவில்லை. காரணம் என்ன தெரியுமா? ஆஃப்ரோடில் ஓட்டினேனாம்!

விஷயம் இதுதான். அந்தக் குமிழ் ஆக்சிலரேட்டர் எவ்வளவு வேகமாக வேலை செய்ய வேண்டும், வீணாகச் சுற்றும் சக்கரத்துக்கு எப்போது பிரேக் பிடிக்க வேண்டும் என்பதை மட்டும் மாற்றும். ஒரு சக்கரம் வழுக்கினால் அதைப் பிடித்து, மறுபக்கத்துச் சக்கரத்துக்கு விசையைத் தள்ளும். இரண்டு முன்சக்கரமும் சேற்றில் இருந்தால் அதற்குச் செய்ய ஒன்றுமில்லை. என் வண்டி முன்சக்கரம் மட்டும் இழுக்கும் வகை; பின்சக்கரத்துக்கு விசை போக ஷாஃப்டே கிடையாது. குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தாலே தெரிந்துவிடும். பேரை வைத்தும் முடிவு செய்ய முடியாது: கரடுமுரடான பாதைக்குப் பேர்போன மஹிந்திராவின் 'தார்' (Thar) ஜீப்பிலேயே 2023 ஜனவரியில் பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வகை வந்துவிட்டது.

ஆறு கடக்கும் காட்சி இன்னும் ஆபத்து. காற்று உறிஞ்சும் குழாய் வழியாக இன்ஜினுக்குள் தண்ணீர் போனால் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்துவிடலாம். இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்க்காத சாதாரண இன்ஷூரன்ஸ் பொதுவாக அதற்குப் பணம் தராது. சென்னை வெள்ளத்தில் மாட்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

விளம்பரத்தில் கண்ணால் பார்த்ததையும் நம்ப முடியாது. அமெரிக்காவில் நிசான் ஃப்ரான்டியர் விளம்பரம் ஒன்றில், மணல்மேட்டில் சிக்கிய பக்கி என்ற சின்ன மணல் வண்டியை அந்த பிக்கப் பின்னாலிருந்து முட்டித் தள்ளி மேலே ஏற்றியது, யாரோ செல்போனில் எடுத்த வீடியோ மாதிரி. உண்மையில் இரண்டு வண்டியையும் கேபிள் கட்டி இழுத்திருந்தார்கள். மேடும் இருந்ததைவிடச் செங்குத்தாகத் தெரியும்படி செய்திருந்தார்கள். அங்குள்ள மத்திய வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்து, 2014 ஜனவரியில் நிசானும் விளம்பர ஏஜென்சியும் சமரசத்துக்கு வந்தன.

நம் ஊரிலும் சட்டம் இருக்கிறது. 2022இல் வந்த வழிகாட்டு நெறிகளின்படி, விளம்பரத்தின் பொறுப்புத்துறப்பு (டிஸ்க்ளைமர்) வாசகம் விளம்பரம் பேசும் மொழியிலேயே இருக்க வேண்டும். சொன்னதற்கு முரணாகவும் இருக்கக் கூடாது. நான் பார்த்த தமிழ் விளம்பரத்தில் அது எறும்பு சைஸில் ஆங்கிலத்தில் ஓடி மறைந்தது. ஏமாற்று விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, புகார் கொடுத்திருக்கிறேன்.

மலைப்பாதைக்கு வண்டி எடுப்பவர்கள் புக்கிங் பணம் கட்டும் முன் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: நான்கு சக்கரமும் இழுக்குமா, செங்குத்தான ஏற்றத்துக்கு மெதுவாக இழுக்கும் லோ கியர் தனியாக இருக்கிறதா, எவ்வளவு ஆழத் தண்ணீர் வரை இறக்கலாம், ஆள் ஏறிய பிறகு தரையிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் உயரம். கடைசியாகச் சொன்னதை அழுத்திக் கேளுங்கள், ஏனென்றால் பிரசுரத்தில் பெரும்பாலும் காலி வண்டியின் அளவைத்தான் போடுகிறார்கள். "போன்லயே சொல்றேன் சார்" என்று மழுப்பினால் வேறு ஷோரூம் பாருங்கள்.