‘சக்கர நாற்காலிக்கு ஏற்ற வீடு’ என்று சொல்லி வருபவரிடம் முன்பணம் கொடுக்கும் முன்

சென்ற ஆண்டு என் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்தது. பெருந்துறைக்கு அருகில் உள்ள எங்கள் ஓட்டு வீட்டில் அவர் சக்கர நாற்காலியில் நடமாட வேண்டும் என்பதற்காக, இத்தகைய வேலைகளை மட்டுமே செய்வதாகச் சொன்ன ஓர் ஒப்பந்தக்காரரை அழைத்தோம். “இதையேதானுங்க நாங்க பொழப்பா வெச்சிருக்கறோம், அம்மாவப் பத்திக் கவலையே படாதீங்க” என்று அவர் பரிவாகப் பேசியதை நம்பி, 1,85,000 ரூபாய் வேலைக்கு 1,40,000 ரூபாயை முன்னதாகவே கொடுத்துவிட்டேன். அளவுகளைத் தாளில் எழுதி வாங்கவில்லை.

எங்கள் வாசலில் இருந்து ஆசாரம் (வீட்டின் முன்கூடம்) 21 அங்குல உயரத்தில் இருக்கிறது. ஓர் அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம் என்பது அரசு வழிகாட்டுதல்களிலேயே உள்ள அளவு. அதன்படி சாய்தளம் 21 அடி நீளம் இருந்திருக்க வேண்டும். அவர் கட்டியதோ 7 அடி. நாற்காலியை ஏற்றுவதற்கு இரண்டு பேர் தள்ள வேண்டியிருந்தது. இறக்கும்போது அம்மா முன்னால் சரிந்தார்.

குளியலறைக் கதவை 30 அங்குலமாக அகலப்படுத்தியதாகச் சொன்னது நிலையின் வெளி அளவு. நிலைக்கட்டையும் கதவின் தடிமனும் போக உள்ளே எஞ்சியது 25 அங்குலம். எங்கள் நாற்காலியின் அகலம் 26.

கைப்பிடிக் கம்பிதான் என்னால் மன்னிக்க முடியாதது. அம்மாவுக்கு வலக்கை வராது என்று மூன்று முறை சொல்லியிருந்தும், சுவர் அந்தப் பக்கம் இருக்கிறது என்பதற்காகக் கழிப்பிடத்தின் வலப்பக்கமே அதைப் பொருத்தினார். ஒரு நாள் விடியற்காலையில் அம்மா உடலைத் திருப்பி இடக்கையால் அதைப் பிடித்து எழ முயன்றபோது, கம்பி டைல்ஸ் சில்லோடு பெயர்ந்து வந்துவிட்டது. கீழே கிடந்த திருகாணிகளை எடுத்துப் பார்த்தேன். ஓர் அங்குல நீளம். டைல்ஸையும் பூச்சையும் தாண்டி ஹாலோ பிளாக்கை அவை தொடவே இல்லை. ஒருவரின் முழு எடையைத் தாங்க வேண்டிய கம்பியைத் துண்டு மாட்டும் கம்பியைப் போல மாட்டியிருந்தார். முழங்கை சிராய்ந்து கிடந்த நிலையிலும் அம்மா, “உடு சாமி, அவுங்களோட எதுக்குச் சண்டை” என்றார்.

சரிசெய்து தரச் சொல்லி அழைத்தபோது முதலில் நாள் சொன்னார். பிறகு அழைப்பை எடுப்பதையே நிறுத்திவிட்டார்.

இத்தகைய வேலையைக் கொடுப்பவர்கள், வீட்டில் உள்ள நாற்காலியின் அகலத்தையும் அதில் உட்காருபவரின் எந்தக் கை வலுவானது என்பதையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கதவு திறந்திருக்கும்போது கிடைக்கும் உள்வெளிக்கு 900 மில்லிமீட்டர் என்று குறிப்பிடுங்கள். கம்பியில் ஓர் ஆள் முழு எடையோடு தொங்கிப் பார்க்கும் வரை கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லாமலேயே புகார் கொடுக்க முடியும்; அதற்கு இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு.

நாங்கள் ஈரோட்டில் கொடுத்திருக்கிறோம். உள்ளூர்க் கொத்தனார் ஒருவர் பக்கச் சுவரை ஒட்டி, நடுவில் ஒரு சமதளம் விட்டு, புதிய சாய்தளம் அமைத்துத் தந்திருக்கிறார். பழையதை ஆதாரத்துக்காக இடிக்காமல் வைத்திருக்கிறோம். பழக்கத்தில் யாரும் நாற்காலியை அந்தப் பக்கம் தள்ளிவிடக் கூடாது என்று அதன் குறுக்கே கயிற்றுக் கட்டிலைச் சாய்த்து வைத்திருக்கிறேன்.