காந்தமா, மெட்டல் டிடெக்டரா? சேலத்துப் பழைய வீட்டு மண்ணில் மகளோடு தேட எது ஏற்றது

சேலம் குகைப் பகுதியில் உள்ள என் அம்மாயி வீட்டுப் புழக்கடையில், கிணற்றடிக்கும் துவைகல்லுக்கும் இடைப்பட்ட மண்ணில், கோடை விடுமுறை முழுவதும் நானும் என் ஒன்பது வயது மகளும் உலோகம் தேடினோம். பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தம், நண்பர் இரவல் தந்த எளிய மெட்டல் டிடெக்டர், பிறகு நாங்களே வாங்கிய சற்று விலை கூடிய கருவி ஆகிய மூன்றையும் ஒரே இடத்தில் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினோம். பிள்ளையோடு இதில் இறங்க நினைக்கும் பெற்றோர் முதலில் எதற்குச் செலவு செய்வது என்பதைப் பற்றி உறுதியாகச் சொல்ல எனக்குச் சில செய்திகள் உண்டு.

காந்தத்தைப் பலரும் விளையாட்டுப் பொருளாக ஒதுக்கிவிடுகிறார்கள். சேலத்தில் அது தவறு. 1992 முதல் அச்சான எஃகு ஒரு ரூபாய் காந்தத்தில் ஒட்டும். அதே காலத்து எஃகு ஐம்பது பைசாவும் இருபத்தைந்து பைசாவும் அப்படியே. நம் ஊர் உருக்காலையே நாணயத்துக்கான எஃகு வில்லைகளை வெட்டித் தரும் வசதியைக் கொண்டது என்று மகளிடம் சொன்னபோது, மண்ணிலிருந்து எடுத்த ரூபாயை அவள் புதிய மரியாதையோடு பார்த்தாள். ஆனால் செம்பு, வெண்கலம், அலுமினியம், வெள்ளி ஆகிய எதையும் காந்தம் தொடாது. ஓட்டைக் காலணாவும் கொலுசும் அதன் கண்ணுக்குத் தெரியாதவை.

காந்தத்தின் பெரிய பயன் வேறு. காய்ந்த மண்ணில் அதை நான்கைந்து முறை இழுத்து எடுத்தால், கரும்பொடி தாடி போல ஒட்டிக்கொண்டு வருகிறதா என்று பார்க்கலாம். அந்தக் கரும்பொடி பெரும்பாலும் மேக்னடைட் என்னும் இரும்புத் தாது. நகருக்கு மேற்கே நிற்கும் கஞ்சமலை மேக்னடைட் படுகைகளுக்குப் பேர்பெற்றது. அத்தகைய பாறைகள் சிதைந்து ஓடையில் அடித்து வரும் மண் நம் ஊரில் அரிதன்று. எந்த டிடெக்டரை வாங்க வேண்டும் என்பதை இந்தத் தாடியே தீர்மானிக்கிறது. ஆகவே கருவிக்கு முன்னால் காந்தம் வாங்க வேண்டும் என்பது என் முதல் முடிவு.

டிடெக்டரின் அடியில் உள்ள கம்பிச் சுருள், மாறுகின்ற காந்தப்புலத்தை மண்ணுக்குள் செலுத்துகிறது. உள்ளே கிடக்கும் உலோகத்தில் சுழல் மின்னோட்டம் எழுகிறது. அந்த மின்னோட்டத்தின் எதிர்ப்புலத்தைச் சுருள் உணர்ந்து ஒலி எழுப்புகிறது. மேக்னடைட் நிறைந்த மண்ணும் சுருளுக்குப் பதில் சொல்லும் என்பதுதான் சிக்கல். மண்ணின் பதிலைக் கழித்துவிட்டு உலோகத்தின் பதிலை மட்டும் கேட்பதற்கு நிலச் சமன் செய்தல் என்று பெயர். எளிய கருவிகள் பலவற்றில் அந்தச் சமன் ஆலையிலேயே ஓர் அளவில் நிறுத்தப்பட்டிருக்கும். நாங்கள் இரவல் வாங்கியதும் அவ்வகையே: கரும்பொடி மிகுந்த கிணற்றடியில் ஓயாமல் சிணுங்கியது, உணர்திறனைக் குறைத்த பிறகே அடங்கியது, அப்போது நான்கு விரற்கடைக்குக் கீழே இருந்ததை அது காணவில்லை. கரும்பொடி குறைந்த முன்வாசல் மண்ணில் அதே கருவி குறையின்றி வேலை செய்தது. கருவி மட்டமானது என்று நான் சொல்லவில்லை; மண்ணுக்கும் கருவிக்கும் பொருத்தம் இல்லை என்றே சொல்கிறேன்.

நிலச் சமனை நாமே செய்துகொள்ளும் கருவியில், உலோகம் இல்லாத ஓரிடத்தைத் தேர்ந்து, பொத்தானை அழுத்தியபடி சுருளைத் தரைக்கு அருகிலும் மேலுமாகச் சில முறை ஏற்றி இறக்க வேண்டும். இந்த வேலையை மகள் தனதாக்கிக்கொண்டாள். இடம் மாறும்போதெல்லாம், “அப்பா, இருங்க, சமன் பண்ணலை” என்று என்னை நிறுத்தினாள். விலை ஏறக்குறைய இரு மடங்கு என்றாலும், கரும்பொடி ஒட்டும் மண்ணுக்கு இதுவே ஏற்றது. ஒட்டாத மண்ணுக்கு எளிய கருவி போதும்.

கருவியின் திரையில் பொருளை இனங்காட்டும் எண்களை அளவுக்கு மீறி நம்ப வேண்டாம். வெள்ளியும் தடித்த செம்பும் உயர்ந்த எண்ணில் தெளிவாக ஒலிக்கும். 1943 முதல் 1947 வரை வந்த ஓட்டைக் காலணா வளைய வடிவம் என்பதால் எடைக்கு மிஞ்சிய ஒலி தரும். அலுமினிய இரண்டு பைசா, அறுகோண மூன்று பைசா, சதுர ஐந்து பைசா ஆகியவையோ சோடா மூடி, மாத்திரைத் தாள் ஆகியவற்றோடு ஒரே வரிசையில் கலந்து நிற்கும். எஃகு ரூபாய் பெரும்பாலும் ஆணிகளின் வரிசையில் நிற்கும். இரும்பை ஒதுக்கும் அமைப்பைப் போட்டுவிட்டால் அது காதில் விழாமலே போகலாம். அந்த அமைப்பை அணைத்து, எல்லாவற்றையும் தோண்டுங்கள். பிள்ளைக்கு ஆணியும் ஒரு கண்டெடுப்புதான்.

கொலுசைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் செவ்வாய்ப்பேட்டையிலும் அதைச் சுற்றிலும் வெள்ளிப் பட்டறைகள் நிறைந்த ஊர் இது. தொலைந்த கொலுசைத் தேடவே பலர் கருவி கேட்கிறார்கள். சங்கிலிக் கண்ணிகள் ஒன்றையொன்று தளர்வாகத் தொடுவதால், முழுக் கொலுசுக்கும் ஒரே மின்னோட்டம் எழாமல் கண்ணிக்குக் கண்ணி சிறு மின்னோட்டமாகச் சிதறுகிறது. கருவி உண்மையில் கேட்பது கெட்டியான திருகையும் பட்டையையுமே. மெல்லிய சங்கிலிக் கொலுசை எந்த விலைக் கருவியும் ஆழத்தில் காண்பது கடினம். மேல்மண்ணைச் சல்லடையில் சலிப்பது அதைவிடப் பலன் தரும்.

அம்மாப்பேட்டை போன்ற தறித் தெருக்களில், மின்கம்பியும் மோட்டாரும் சுருளைக் கலைக்கும் என்பதால், அலைவரிசையைச் சற்றே நகர்த்தும் வசதி இருப்பது நல்லது.

இடத்தைப் பொறுத்தவரை சொந்த வீட்டு மண்ணுக்கு நிகர் இல்லை. ஏற்காட்டில் காப்பித் தோட்ட உரிமையாளர் அனுமதித்தாலும், இரும்புச் சத்து மிகுந்த செம்மண்ணும் பாக்சைட் கற்களும் பொய்யொலி தருவதால் தொடக்கத்தில் பிள்ளை சோர்ந்துவிடும். காப்புக்காட்டிலும், கோயில் நிலத்திலும், தொல்லியல் துறை பாதுகாக்கும் இடங்களிலும் கருவியை எடுக்கவே கூடாது. சொந்த நிலத்திலும் சட்டம் உண்டு: 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். இதை மகளுக்கு முதல் நாளே விளக்கினேன். கிடைத்த செப்புக்காசைப் புளி போட்டுத் தேய்க்காமல், தண்ணீரில் அலசி உலர்த்தி, கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் எழுதி வைப்பது அவள் பொறுப்பு.

கருவியின் எடையையும் கவனியுங்கள். பெரியவர்களுக்கான கருவி பெரும்பாலும் ஒரு கிலோவைத் தாண்டுகிறது. ஒன்பது வயதுக் கை பதினைந்து நிமிடத்தில் தளர்ந்துவிடும். கருவியின் தண்டின் நீளத்தைக் குறுக்கி, சிறிய சுருளை மாட்டிக் கொடுத்தால் எடையும் குறையும், ஆணிகள் நெருங்கிக் கிடக்கும் பழைய மண்ணில் ஒலிகளும் பிரிந்து கேட்கும். ஆழம் சற்றுக் குறைவதை நாங்கள் பொருட்படுத்தவில்லை.