கண்ணாடிக்குள் கம்பி: ஷெஃபீல்டில் ஆறு குளிர்காலம், நெல்லையில் ஆறு மழைக்காலம்

அத்தானின் காரில் முதல்முறை ஏறுகிறவர்கள் எல்லோரும் அந்தப் பொத்தானைப் பற்றித்தான் கேட்கிறார்கள். வளைந்த கண்ணாடியின் படம், அதன் மேல் நெளிந்து ஏறும் மூன்று அம்புகள். "முன்கண்ணாடியைச் சூடாக்குவது" என்று அத்தான் சொன்னதும் ஒரு சிரிப்பு எழும். பாளையங்கோட்டையில் மே மாதம் நிழலில்லாத இடத்தில் நிறுத்திய காரைத் தொட்டுப் பார்த்த யாருக்கும் அந்தச் சிரிப்பு வரத்தான் செய்யும். 2022-இல் கொச்சியிலிருந்து வாங்கிவந்த பழைய வெளிநாட்டு வண்டி அது. இப்படி ஒரு வசதி இருக்கிறது என்று விற்றவரும் சொல்லவில்லை, அத்தானும் கேட்கவில்லை. நான்தான் வெயிலில் கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்து, "அத்தான், இதற்குள் கம்பி ஓடுகிறது" என்றேன்.

எனக்கு அது பழைய சிநேகிதம். நான் செவிலியர். 2012 முதல் 2019 வரை இங்கிலாந்தில் ஷெஃபீல்டில் வேலை பார்த்தேன். முதல் குளிர்காலம் பஸ்ஸிலும் சிநேகிதியின் காரிலும் கழிந்தது. பிறகு பழைய ஃபோர்டு ஃபியஸ்டா ஒன்று வாங்கினேன். அதில் இந்தக் கண்ணாடி இருந்தது. ஊருக்குத் திரும்பிய பிறகு அப்பாவின் பழைய காரை ஓட்டுகிறேன், அவ்வப்போது அத்தானின் வண்டியையும். ஆகவே இரண்டு ஊர்க் கதையும் சொல்ல முடியும்.

எந்தக் காரின் முன்கண்ணாடியும் இரண்டு கண்ணாடித் தகடுகளும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் படலமும் சேர்ந்ததுதான். அந்த நடுப்படலத்தில் முடியைவிட மெல்லிய டங்ஸ்டன் கம்பிகளை மேலிருந்து கீழாக நெளிநெளியாக ஓடவிட்டு மின்சாரம் பாய்ச்சினால் அதுதான் சூடாகும் கண்ணாடி. ஐரோப்பாவில் ஃபோர்டு 1985-இல் இதைத் தன் பெரிய கார்களில் கொண்டுவந்தது. வேறு சில நிறுவனங்கள் கம்பிக்குப் பதிலாகக் கண்ணுக்குத் தெரியாத வெள்ளிப் பூச்சைப் பூசுகின்றன. நம் மறைமலை நகரில் அத்தனை ஆண்டுகள் கார் செய்த அதே ஃபோர்டு இங்கே விற்ற வண்டிகளில் இந்தக் கண்ணாடியை நான் ஒன்றில்கூடப் பார்த்ததில்லை. அதில் குற்றம் சொல்லவும் ஒன்றுமில்லை.

ஷெஃபீல்டு மேடும் பள்ளமுமான ஊர். காலை ஏழரைக்கு ஷிஃப்ட் என்றால் ஆறரைக்கே வாசலில் நிற்க வேண்டும். ஜனவரியில் அந்த நேரம் நள்ளிரவு போல இருட்டாக இருக்கும். கார் முழுவதும் கற்கண்டை அரைத்து ஒட்டியது போல உறைபனி. சிநேகிதியின் காரில் சாதாரணக் கண்ணாடி. அவள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் நின்று பிளாஸ்டிக் சுரண்டியால் சுரண்டுவோம். சுரண்டி காணாமல் போன நாளில் பழைய வங்கி அட்டை. தேங்காய் துருவுவது போலப் பனித்தூள் கையுறைக்குள் விழுந்து உருகும். பத்து நிமிடம் சுரண்டி உள்ளே உட்கார்ந்தால், நம் மூச்சே கண்ணாடியின் உட்பக்கத்தில் படிந்து மறுபடியும் உறையும். அந்த ஊர்ச் சாலை விதிநூலின் 229-ஆம் விதி, எல்லாக் கண்ணாடிகளிலும் பனி நீங்கிய பிறகே வண்டியை எடுக்க வேண்டும் என்கிறது. சின்னதாக ஒரு ஓட்டை சுரண்டி அதன் வழியே பார்த்து ஓட்டுகிறவர்களும் உண்டு, அபராதம் கட்டுகிறவர்களும் உண்டு. வெந்நீர் ஊற்றிக் கண்ணாடியை விரிசல் விட வைத்தவர் ஒருவர் எங்கள் தெருவிலேயே இருந்தார்.

ஃபியஸ்டாவில் அந்தப் பொத்தானை முதல்முறை அழுத்திய காலை இன்னும் கண்ணில் நிற்கிறது. அரை நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வெள்ளை சாம்பல் நிறமானது. மேலிருந்து கீழாக மெல்லிய ஈரக்கோடுகள், விபூதிப் பட்டையை நெட்டுக்குத்தாக இழுத்தது போல. கோடுகள் அகன்று ஒன்றோடொன்று சேர்ந்தன. ஒன்றரை நிமிடத்தில் மொத்தப் பனியும் பிடிப்பு விட்டுத் தோசை கல்லை விட்டு எழும்புவது போல எழும்பிக் கீழே சரிந்தது. அதற்குப் பிறகுதான் வைப்பரைப் போட வேண்டும். கண்ணாடியோடு உறைந்து ஒட்டியிருக்கும் வைப்பரை முன்பே இயக்கினால் ரப்பர் கிழியும், மோட்டாரும் போகும்.

சில நிமிடங்களில் அது தானாகவே அணைந்துவிடும். இன்ஜின் ஓடினால்தான் வேலை செய்யும். ஏராளமான மின்சாரம் குடிக்கிற சாமான் அது. ஹெட்லைட், இருக்கைச் சூடு, பின்கண்ணாடி எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு தினமும் மூன்று மைல் மட்டும் ஓட்டினால் பேட்டரிக்குத் திரும்ப நிரம்ப நேரமே கிடைக்காது. என் பேட்டரி இரண்டாவது ஆண்டிலேயே படுத்தது. பாதிப் பழி அதன் வயதுக்கு, பாதி எனக்கு.

மூன்றாவது குளிர்காலத்தில் ஒரு வேடிக்கை. கண்ணாடியின் இடப்பாதி பளிச்சென்று தெளிந்தது, வலப்பாதி வெள்ளையாகவே இருந்தது. அங்கும் ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம்தான். ஆளில்லாத இருக்கைக்கு அருமையான காட்சி, எனக்குச் சுரண்டி. பட்டறைக்காரர் பார்த்துவிட்டு, "கம்பி அறுந்துவிட்டது, முழுக் கண்ணாடியையும் மாற்ற வேண்டும்" என்றார். அந்த விலைக்கு நான் திருநெல்வேலிக்கு விமான டிக்கெட்டே எடுத்துவிடுவேன். உடன் வேலை பார்த்த ஒரு மலையாளி அண்ணன் வந்து ஃப்யூஸ் பெட்டியைத் திறந்தார். இரண்டு பாதிக்கும் தனித்தனி ஃப்யூஸ். ஒன்று எரிந்திருந்தது. ஒரு பவுண்டுகூட ஆகவில்லை. இந்தக் கண்ணாடியில் ஒரு பாதி முழுதாகச் செத்தால் முதலில் ஃப்யூஸைப் பாருங்கள். கம்பி உண்மையிலேயே அறுந்தால் அந்தக் கோடு மட்டும்தான் உறைந்து நிற்கும்.

குறை என்றால் பெரிய குறை ஒன்றுதான்: கம்பி கண்ணில் படும். பகலில் மறந்துவிடலாம். மழை இரவில் எதிரே வரும் ஒவ்வொரு விளக்கிலிருந்தும் மெல்லிய கீற்றுகள் சிதறும். எனக்கு ஒரு மாதத்தில் பழகியது. என்னோடு வந்த ஒரு அக்காவுக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. அவர் கடைசிவரை அந்தக் காரின் முன்னிருக்கையில் உட்காரவே இல்லை.

அந்தக் குறை இங்கிலாந்தைவிட இங்கேதான் பெரிதாகத் தெரிகிறது. அத்தானின் வண்டியை மாலை நாலரைக்கு எடுத்துத் தென்காசிச் சாலையில் போனால், பேட்டை தாண்டியதிலிருந்து பாவூர்சத்திரம் வரை சூரியன் நேரே மூஞ்சியில். கம்பிகள் எல்லாம் மின்ன ஆரம்பிக்கும். நெசவுத் தறியில் பாவு வழியாகப் பார்ப்பது போல இருக்கும். அதே சாலையில் ஆலங்குளம் பக்கம் முன்னால் போன ஜல்லி லாரியிலிருந்து ஒரு கல் தெறித்தது. சின்ன நட்சத்திரமாக இருந்தது, இரண்டு வாரத்தில் குறுக்கே கோடாக ஓடிவிட்டது. கண்ணாடிக் கடையில் விலையைச் சொன்னபோது அத்தான் மறுபடி ஒருமுறை கேட்டார். சாதாரணக் கண்ணாடி விலையைப் போல இரண்டரை மடங்கு. அதுவும் வரவழைக்க மூன்று வாரம். கடைக்காரர் இரக்கப்பட்டு, "அண்ணாச்சி, கம்பியில்லாத கண்ணாடி போட்டுத் தரட்டுமா? இங்கே எதற்கு அது?" என்றார். அத்தானுக்கு ரோஷம் வந்துவிட்டது. கம்பியுள்ளதே வேண்டும் என்றார். முழுக் காப்பீடு இருந்தால் கண்ணாடிக்குத் தேய்மானம் கழிப்பதில்லை, ஆகவே பெரும்பகுதி பணம் வந்தது. ஆனால் அத்தனை ஆண்டு இழப்பீடு கேட்காமல் சேர்த்துவைத்திருந்த பிரீமியச் சலுகை போயிற்று. அக்காள் இன்னமும் அந்தக் கணக்கைச் சொல்லிக்காட்டுகிறாள்.

வெள்ளிப் பூச்சு வகை வாங்குகிறவர்களுக்கு ஒன்று. அதில் கோடுகள் தெரியாது, வெயிலையும் ஓரளவு திருப்பி அனுப்பும். ஆனால் ரேடியோ அலையை மறிக்கும். பின்னால் வருவதைப் பார்க்கிற உள்கண்ணாடிக்குப் பின்னால் பூச்சில்லாமல் ஒரு கட்டம் விட்டிருப்பார்கள், ஃபாஸ்டேக்கை அங்கேதான் ஒட்ட வேண்டும். வேறு இடத்தில் ஒட்டிவிட்டு நாங்குநேரி சுங்கச்சாவடியில் பின்னால் நிற்கிற பஸ்ஸின் ஹாரனைக் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள்.

சரி, இந்த ஊரில் அதற்கு வேலையே இல்லையா? இருக்கிறது, குற்றாலத்தில். ஐந்தருவியில் குளித்துவிட்டு ஏழு பேர் ஈரத்தலையோடு ஒரே வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திப் பாருங்கள். வெளியே சாரல், கண்ணாடி குளிர்ந்திருக்கும். உள்ளே ஈரத்துண்டு, ஈரவேட்டி. மனிதன் சும்மா இருந்தாலே மூச்சிலும் தோலிலும் நாளைக்கு 800 மில்லி தண்ணீருக்குக் குறையாமல் போகும் என்பது எங்கள் செவிலியர் பாடம். ஏழு பேருக்கு மணிக்குக் கால் லிட்டர் கணக்கு வருகிறது. அது எங்கே போகும்? கண்ணாடியில்தான். செங்கோட்டை முக்கு வருவதற்குள் பால் ஊற்றியது போல வெளுத்துவிடும். அத்தானின் வண்டியில் பொத்தானை அழுத்தினால் மூச்சு இரண்டு விடுவதற்குள் தெளிந்துவிடுகிறது. பொய் சொல்லக் கூடாது, அந்த நேரம் சுகமாகத்தான் இருக்கிறது.

ஆனால் அப்பாவின் பழைய காரிலும் அதே தெளிவு இரண்டு நிமிடத்தில் வருகிறது. ஏசியைப் போட வேண்டும். வெப்பக் குமிழைச் சூட்டுப் பக்கம் திருப்ப வேண்டும். காற்றைக் கண்ணாடிக்கு விட வேண்டும். காருக்குள் வளைந்த அம்பு போட்ட பொத்தானை அணைத்து வெளிக்காற்றை உள்ளே எடுக்க வேண்டும். ஏசி காற்றிலிருந்து ஈரத்தைப் பிழிந்தெடுக்கும், ஹீட்டர் கண்ணாடியைச் சூடாக்கும். இதை அப்பாவுக்கு விளக்க எனக்கு ஆறு ஆண்டு ஆகியும் முடியவில்லை. "குளிருகிறது, ஏசியை அணை" என்பார். அணைத்தால் வெளுக்கும். வெளுத்தால் தோள்துண்டால் துடைப்பார். துண்டின் எண்ணெய்ப் பிசுக்கு கண்ணாடியில் ஏறும். பிசுக்கில் ஈரம் இன்னும் நன்றாகப் பிடிக்கும்.

ஐப்பசி, கார்த்திகை இரவுகளில் நடப்பது இதற்கு நேர்மாறு. மழை விட்ட புழுக்கத்தில் ஏசியைக் கண்ணாடிப் பக்கம் விட்டுக்கொண்டு போனால், கண்ணாடி குளிர்ந்து வெளிப்பக்கம் வெளுக்கும். உள்ளே எவ்வளவு துடைத்தாலும் போகாது. வைப்பரை ஒருமுறை போட்டு, காற்றைக் கண்ணாடியிலிருந்து விலக்கினால் தீர்ந்தது. சூடாகும் கண்ணாடியும் இதைச் செய்யும், வைப்பர் இலவசமாகச் செய்யும்.

மாஞ்சோலை மலையில் அந்தக் கண்ணாடியாலும் ஒன்றும் செய்ய முடியாது. வனத்துறை அனுமதியோடு ஒருமுறை மணிமுத்தாறு வழியாக நாலுமுக்கு, ஊத்து வரை அத்தானின் வண்டியில் போனோம். நாலுமுக்குக்கு முன்பே மேகம் சாலையில் இறங்கிவிட்டது. அத்தான் பொத்தானை அழுத்தினார், மறுபடி அழுத்தினார். கண்ணாடி துல்லியமாகத்தான் இருந்தது. பனி இருந்தது கண்ணாடியில் அல்ல, காற்றில். பனிவிளக்கைப் போட்டுக்கொண்டு, இன்ஜின் முனகலைக் கேட்டுக்கொண்டு, நடக்கிற வேகத்தில் போய்ச் சேர்ந்தோம்.

மழைக் கண்ணாடிக்கு எங்கள் பக்கத்துக் கைவைத்தியம் ஒன்று உண்டு. முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி இல்லாத வீடு குறைவு. வைப்பர் சரியில்லாத பஸ் டிரைவர்கள் பீடிப் புகையிலையை ஈரக் கண்ணாடியின் வெளிப்பக்கம் தேய்ப்பார்கள். தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் படலமாக வழியும். இருபது நிமிடம் தாங்கும். உட்பக்கம் தேய்த்துவிடாதீர்கள், நாற்றம் ஒரு வாரம் போகாது. தேய்த்தவள் சொல்கிறேன்.

இனி வாங்குகிறவர்களுக்கு. குளிர்நாட்டுக்கு வேலைக்குப் போகிறீர்கள், வாசலில்தான் கார் நிற்கும் என்றால், பாட்டுப் பெட்டியும் அலாய் சக்கரமும் இல்லாவிட்டால் போகிறது, இந்தக் கண்ணாடி உள்ள காரைத் தேடி வாங்குங்கள். அங்கே கண்ணாடி உடைந்து மாற்றினால் கம்பியுள்ளதுதான் வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள். எனக்கு ஒருமுறை சாதாரணக் கண்ணாடியோடு வந்து நின்றார்கள். நெல்லையில் வாங்குகிறவர்கள் இதற்கென்று ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். அந்தப் பணத்துக்குப் பின்கண்ணாடியைச் சூடாக்கி ஈரம் போக்கும் டீஃபாகரும் பின் வைப்பரும் உள்ள மாடலாகப் பாருங்கள். அடிப்படை மாடல்களில் பெரும்பாலும் அவை இருப்பதில்லை, மழையில் பின்னால் வருவது லாரியா பைக்கா என்று தெரியாது.

டீஃபாகர் கோடுகள் கண்ணாடியின் உட்பக்கம் அச்சிட்டவை, கம்பி அல்ல. கோடு போகிற திசையிலேயே துடைக்க வேண்டும். 2012-இல் உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிமைத் தடை செய்தபோது அப்பா தன் கையாலேயே பிளேடு வைத்துப் பின்கண்ணாடி ஃபிலிமை உரித்திருக்கிறார். இரண்டு கோடுகள் அதோடு வந்துவிட்டன. இன்றைக்கும் பின்கண்ணாடி தெளியும்போது நடுவில் இரண்டு வெள்ளைப் பட்டை மட்டும் நிற்கும். அதன் வழியே பார்த்தால் பின்னால் வருகிறவர் இடுப்பில்லாமல் வருவார்.

அடுத்த வாரம் மறுபடி ஐந்தருவி. அத்தானின் வண்டி சர்வீஸில் இருக்கிறது, அப்பாவின் கார்தான். டிக்கியில் மாற்றுத்துணி ஒரு பை, காய்ந்த துண்டு ஏழு, ஈரத்துணியைக் கட்டிப்போட ஒரு பிளாஸ்டிக் வாளி வைத்தாயிற்று. அப்பாவைப் பின்னிருக்கையில் உட்காரச் சொல்லியிருக்கிறேன், ஏசி பொத்தான் கைக்கு எட்டாத தூரத்தில். இன்னும் சம்மதிக்கவில்லை.