தட்டேக்காடு–மூணாறா, சிங்கராஜா–நுவரெலியாவா? பறவை பாக்க எந்தப் பக்கம் போகலாம்

கைடு வச்சு ஒரு வாரம் பறவை பாக்கறதுக்காகவே காட்டுக்குப் போகணும்னு முடிவு பண்ணிட்டா தமிழ்நாட்டுல இருக்கறவங்களுக்கு ரெண்டு ரூட் ரொம்ப வசதி. ஒண்ணு கேரளா பக்கம், தட்டேக்காட்டுல ஆரம்பிச்சு மூணாறு ஏறி, முடிஞ்சா மறையூர் சின்னார் வழியா உடுமலைக்கு இறங்கறது. இன்னொண்ணு இலங்கை, கொழும்புல இறங்கி நேரா சிங்கராஜா மழைக்காடு, அங்கருந்து நுவரெலியா, ஹார்ட்டன் ப்ளெய்ன்ஸ்ங்கற மலைமேல் தேசியப் பூங்கா. ரெண்டுலயும் கொஞ்ச நாள் கீழ ஈரமான மழைக்காடு, கொஞ்ச நாள் மேல குளிர்ற மலைக்காடு. மேற்குத் தொடர்ச்சி மலையையும் இலங்கையையும் சேர்த்து ஒரே பல்லுயிர் ஹாட்ஸ்பாட்டாத்தான் (அரிய உயிரினங்கள் நிறைய இருந்து, அழியற ஆபத்துலயும் இருக்கற பகுதி) கணக்குல வச்சிருக்காங்க, அதனால "எல்லாம் ஒரே மாதிரி பறவைதானே, எது சீப்போ அங்க போலாம்"னு நிறைய பேர் சொல்றாங்க. அப்படி இல்லவே இல்லைங்க. தட்டேக்காட்டுல பறவை உக்காந்திருக்கற கிளைக்கே நம்மளைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க, சிங்கராஜால பறவைங்க கூட்டமா நம்ம பக்கம் வர்ற வரைக்கும் நாமதான் நின்னு காத்திருக்கணும். இதுல உங்களுக்கு எது பிடிக்கும்னு முதல்ல யோசிங்க, பட்ஜெட்டெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.

தட்டேக்காடு பெரிய காடு கிடையாது. கோதமங்கலத்துக்குப் பக்கத்துல பெரியாத்தங்கரைல வெறும் 25 சதுர கிலோமீட்டர் சரணாலயம், 1983ல அறிவிச்சாங்க, பேரே பறவை ஆய்வாளர் சாலிம் அலி பேர்தான். அவர் 1930கள்ல திருவிதாங்கூர்-கொச்சி பறவைக் கணக்கெடுப்புக்காக இந்தப் பக்கம் வந்து பாத்துட்டு, தென்னிந்தியாலயே பறவை வளம் ரொம்ப அதிகமான இடம்னு எழுதினதுலருந்துதான் இதோட புகழ் ஆரம்பிக்குது. இன்னைக்குப் போய்ப் பாத்தா தேக்குத் தோட்டம், ரப்பர் தோட்டம், வீடு, ரோடு, நடுநடுவுல காடுன்னு கலந்து கிடக்கும். தொட்டுப் பாக்காத கன்னிக்காட்டை எதிர்பாத்துப் போறவங்களுக்கு முதல் நாள் கொஞ்சம் சப்புன்னுதான் இருக்கும். ஆனா இப்படி பலவிதமான இடங்கள் பக்கம் பக்கமா இருக்கறதாலதான் ஒரே காலைல பாறை மேட்டுல நின்னு ஒரு விதமான பறவை, அரை மணி நேரத்துல காட்டுக்குள்ள வேற விதமான பறவைன்னு லிஸ்ட் எகிறும்.

தட்டேக்காட்டோட உண்மையான சொத்து அங்க இருக்கற கைடுங்கதான். அந்த ஊர்லயே பொறந்து வளர்ந்து, ஹோம்ஸ்டே நடத்திட்டு, எந்த ஆந்தை இந்த வாரம் எந்த மரத்துல தூங்குதுன்னு தெரிஞ்சு வச்சிருக்கறவங்க. ராத்திரில நடமாடற ஸ்ரீலங்கா ஃப்ராக்மவுத்தையே எடுத்துக்கோங்க, தமிழ்ல தவளைவாயன்னு சொல்வாங்க. பேர்ல இலங்கை இருக்கு, ஆனா அதை நிதானமா நின்னு பாக்க தட்டேக்காடு மாதிரி இடம் இல்ல. கைடு ஒரு புதர் முன்னாடி நிப்பாட்டி "அதோ"ன்னு காட்டுவார், நமக்கு ஒண்ணுமே தெரியாது. கண்ணு பழகினப்புறம்தான் மார்பு உயரத்துல ஒரு கொடில சருகோட சருகா ரெண்டு பறவை ஒட்டி உக்காந்திருக்கறது புலப்படும், சாம்பல் கலர்ல இருக்கறது ஆண், செம்பழுப்புல இருக்கறது பெண். ஆள் நடமாட்டம் தெரிஞ்சா அலகை மெதுவா மேல தூக்கி, கண்ணை ஒரு கோடு அளவுக்கு மூடிக்கிட்டு, ஒடஞ்ச குச்சியா மாறிடும். ஒரே ஒரு முட்டைதான் போடும், பகல்ல அதை அடைகாக்கறது ஆண். இந்தப் பறவை பகல் முழுக்க அசையாது, அதனாலதான் கைடு காலைல இடத்தைப் பாத்து வச்சுட்டு நம்மளைக் கூட்டிட்டுப் போக முடியுது. இதே மாதிரி பே ஆந்தை, பொரிப்புள்ளி ஆந்தைன்னு தூங்கற பறவைகளையே ஒரு நாள் முழுக்கப் பாக்கலாம். தீக்காக்கையும் (காக்கா இல்ல, ட்ரோகன்ங்கற வண்ணப் பறவை) கிடைக்கும், நவம்பர்லருந்து மார்ச் வரைக்கும் இமயமலை அடிவாரத்துப் பக்கமிருந்து வந்த ஆறுமணிக்குருவியும் சருகைக் கிளறிட்டிருக்கும்.

இதுலயே ஒரு பெரிய சிக்கலும் இருக்கு. இடம் தெரிஞ்ச பறவைங்கறதால எல்லாரும் அதே பறவைகிட்ட வந்து நிக்கறாங்க. சீசன்ல ஒரு ஃப்ராக்மவுத் ஜோடி முன்னாடி பெரிய லென்ஸோட வரிசை நிக்கறதைப் பாத்திருக்கேன், மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஒரு தடவை எங்களோட வந்த கைடு தீக்காக்கையை வரவைக்க ஸ்பீக்கர்ல அதோட குரலைத் திரும்பத் திரும்பப் போட்டுட்டே இருந்தார், போதும்னு நாங்க சொல்ல வேண்டியதாச்சு. ஜோடி சேர்ற காலத்துல இன்னொரு ஆண் வந்துடுச்சுன்னு நினைச்சு அது இரை தேடறதை விட்டுட்டு அலையும். புக் பண்ணும்போதே "ப்ளேபேக் வேண்டாம், கூட்டுக்கிட்ட கூட்டிட்டுப் போக வேண்டாம்"னு சொல்லிடுங்க. நல்ல கைடுங்க அதைக் கேட்டு சந்தோஷம்தான் படுவாங்க.

இப்ப சிங்கராஜாக்கு வருவோம். 1988ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமா அறிவிச்ச காடு. 1970கள்ல ப்ளைவுட் தொழிற்சாலைக்காக இங்க மரம் வெட்ட ஆரம்பிச்சாங்க, மக்கள் எதிர்ப்புல அது நின்னுச்சு, இல்லன்னா இன்னைக்கு பாக்கறதுக்கு இந்தக் காடே இருந்திருக்காது. குடாவ கிராமத்து வாசல் பக்கமா உள்ள போற அகலமான பாதை இருக்கே, அது அப்ப மரம் ஏத்தற லாரிக்காகப் போட்ட ரோடுதான். அந்த அகலம் இருக்கறதாலதான் அடர்ந்த மழைக்காட்டுக்குள்ள தலைக்கு மேல கொஞ்சம் வானமும் மரத்தோட மேல்கிளைகளும் தெரியுது. இங்க கைடு இல்லாம உள்ள விடவே மாட்டாங்க, கேட்லயே ஒருத்தர் கூட வருவார்.

முதல் ஒரு மணி நேரம் ஒண்ணுமே நடக்காது. சிக்காடா சத்தம், சொட்டுச் சொட்டா தண்ணி, எங்கயோ ஒரு குக்குறுவான் பறவையோட குரல். மழைக்காட்டுல முதல் தடவை போறவங்க இந்த இடத்துல சோர்ந்து போயிடுவாங்க. கைடு மட்டும் காதைத் தீட்டிட்டு நிப்பார். திடீர்னு தூரத்துல ஆரஞ்சு அலகு சிலம்பன்களோட (தவிட்டுக்குருவி வகை) சலசலன்னு பேச்சுச் சத்தம் கேக்கும், கூடவே கொண்டைக் கரிச்சானோட கணீர்னு ஒரு குரல். அவ்வளவுதான், அவர் நம்மளை வளைவுக்கு அந்தப் பக்கம் வேகமா கூட்டிட்டுப் போய் நிறுத்துவார். அடுத்த பத்து நிமிஷத்துக்கு எந்தப் பக்கம் திரும்பறதுன்னே தெரியாது. கீழ்ப்புதர்ல சாம்பல் தலை சிரிப்பான், நடுக்கிளைல தீக்காக்கை, மேல சிவப்பு முகத்தோட மல்கோஹா, ஓரமா நீல மேக்பை, நடுவுல அணில்கூட சேர்ந்து போகும். எல்லாமே ஒரே திசைல நகர்ந்துட்டே இரை தேடும். இந்தக் கலப்புக் கூட்டத்தை 1980களோட தொடக்கத்துலருந்தே இலங்கை ஆய்வாளர்கள் பாத்து எழுதிட்டு வர்றாங்க. சிலம்பன்தான் எண்ணிக்கைல அதிகம், கூட்டம் கலையாம இருக்கறதே அதுங்களாலதான். கரிச்சான் காவல் காக்கும், வைரி மாதிரி வேட்டைப் பறவை வந்தா எச்சரிக்கும், மத்த பறவைங்க குரலையும் அப்படியே போடும், அதைக் கேட்டு மத்ததெல்லாம் வந்து சேருது. மத்ததுங்க கிளப்பி விடற பூச்சி கரிச்சானுக்கு. ஒவ்வொரு பறவையா டிக் அடிக்கறதை மறந்துட்டு, ஒரு காடு எப்படி ஒத்துமையா சாப்பிடுதுன்னு பாக்கற அனுபவம் அது. தட்டேக்காட்டுலயும் கலப்புக் கூட்டம் உண்டு, ஆனா இந்த அளவுக்கு பெருசா, இவ்வளவு நேரம் கண்ணு முன்னாடி நின்னு பாத்ததில்ல.

இன்னொரு விஷயம். 2001ல சிங்கராஜால கண்ணால பாத்து, 2004ல அறிவியல் உலகத்துக்குப் புதுசுன்னு அறிவிச்ச செரெண்டிப் ஸ்கோப்ஸ் ஆந்தை இங்கதான் இருக்கு. இவ்வளவு பேர் வந்து போற ஒரு சின்னத் தீவுல அது வரைக்கும் ஒரு ஆந்தை யாருக்கும் அகப்படாம இருந்திருக்கு, அதுவும் வெறும் குரலை வச்சு வருஷக்கணக்கா தேடித்தான் கிடைச்சிருக்கு. நமக்கு அது கண்ணுல படும்னு உறுதி கிடையாது, சாயங்காலம் அது கூவறதைக் கேட்டாலே எனக்குப் போதும்.

மழைக்காட்டைப் பொறுத்தவரைக்கும் என் ஓட்டு சிங்கராஜாக்குத்தான். கைடு திறமைக்கு தட்டேக்காடு. மேல ஏறினா கதை மாறுது.

நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், ஊருக்கு நடுவுல இருக்கற விக்டோரியா பார்க்குக்குள்ளயே பறவை பாக்கறவங்க கூட்டம் இருக்கும். காஷ்மீர்ல குஞ்சு பொரிச்சுட்டு இவ்வளவு தூரம் வர்ற காஷ்மீர் ஈப்பிடிப்பானும், பைட் த்ரஷ்ஷும் குளிர்காலத்துல அந்த பார்க்ல, ஓரமா ஓடற அழுக்குத் தண்ணி ஓடைகிட்ட சாதாரணமா வந்து இறங்கும். காட்டுக்குள்ள கஷ்டப்பட்டு நடக்க முடியாத வயசானவங்களுக்கு இது பெரிய வரம். அப்புறம் ஹார்ட்டன் ப்ளெய்ன்ஸ், இதுக்கு விடியறதுக்கு முன்னாடியே கிளம்பணும், ஏன்னா அரெங்கா. இலங்கையோட விசிலடிக்கற பூங்குருவி அது, ஓடைப்பக்கம் இருட்டான புதர்லயே இருக்கும், விடியும்போதும் பொழுது சாயும்போதும் கொஞ்ச நேரம்தான் தலை காட்டும். நம்ம மூணாறுல அதோட சொந்தக்காரன் மலபார் விசில் பூங்குருவி, லாட்ஜ் காம்பவுண்ட் சுவர்ல உக்காந்து ஸ்கூல் பையன் ராகம் தெரியாம விசிலடிச்சுட்டுப் போற மாதிரி பாடும். அரெங்காவுக்காக குளிர்ல மூச்சைப் பிடிச்சு நிக்கணும், அதுல கிடைக்கற சந்தோஷமும் பெருசு. அங்க இருக்கற வேர்ல்ட்ஸ் எண்ட்ங்கற செங்குத்துப் பள்ளத்தைப் பாக்க வர்ற கூட்டம் காலைல ஏழு மணிக்கே ஆரம்பிச்சுடும், அதனால பறவைக்கு அந்த முதல் ஒரு மணி நேரம்தான்.

மூணாறுல இப்படி எல்லாம் ஒரே இடத்துல கையில கிடைக்காது. இரவிகுளம் தேசியப் பூங்கால ராஜமலைக்கு வனத்துறை பஸ்லதான் ஏறணும், விடியக்காலைல உள்ள விட மாட்டாங்க, வரையாடு குட்டி போடற காலத்துல, பெரும்பாலும் பிப்ரவரி மார்ச்சுல, மூடிடுவாங்க. அதனால நல்ல கைடுங்க டாப் ஸ்டேஷன், பாம்பாடும் சோலைப் பக்கம் ரோட்டோரச் சோலைகள்ல (மலை உச்சிப் பக்கம் இருக்கற குட்டையான காடு) காலையைக் கழிக்க வைப்பாங்க. பழனி சிரிப்பான், ஷோலாக்கிளி (கிளி இல்ல, சோலைல இருக்கற சின்னப் பாட்டுக்குருவி), நீலகிரி காட்டுப்புறா, கருப்பு-ஆரஞ்சு ஈப்பிடிப்பான் இதெல்லாம் அங்கயே கிடைக்கும். புல்வெளில நெட்டைக்காலிக் குருவி தேடணும்னா ராஜமலை போயே ஆகணும்.

ஆனாலும் மலைப்பகுதிக்கு நான் மூணாறுன்னுதான் சொல்லுவேன், அதுக்குக் காரணம் பறவை எண்ணிக்கை இல்ல. ஒவ்வொரு மலை உச்சில இருக்கற சோலையும் கீழ இருக்கற வெக்கையால சுத்தி அடைபட்ட தீவு. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்க நீலகிரில இருக்கற சிரிப்பான் வேற, தெக்க மூணாறு, பழனி மலைல இருக்கறது வேற, ஷோலாக்கிளியும் அப்படியே. கணவாய் இறக்கத்தை அதுங்களால தாண்ட முடியல, லட்சக்கணக்கான வருஷமா தனித்தனியா வளர்ந்து தனித்தனி இனமா ஆயிடுச்சு. 2017ல வந்த மரபணு ஆய்வுல இந்தச் சிரிப்பான், ஷோலாக்கிளி ரெண்டு வகையும் உலகத்துல வேற எங்கயும் இல்லாத தனித்தனிப் பேரினங்கள்னே பிரிச்சு வச்சுட்டாங்க. ஊட்டிலயும் கொடைக்கானல்லயும் வளர்ந்த நமக்கு, வீட்டுப் பின்னாடி கத்தற குருவிக்கு இப்படி ஒரு வரலாறு இருக்குன்னு தெரியறப்போ ஏற்படற உணர்வு எந்த வெளிநாட்டு ட்ரிப்லயும் வராது. திரும்பும்போது சின்னார் வழியா இறங்கினா ரெண்டு மணி நேரத்துல சோலைலருந்து முள்ளுக்காட்டுக்கு வந்துடுவோம், மழை மறைவுப் பிரதேசம், மஞ்சள் தொண்டைக் கொண்டைக்குருவி அங்க பாறைல உக்காந்திருக்கும். இந்த மாற்றம் இலங்கை ரூட்ல இவ்வளவு சீக்கிரம் கிடைக்காது.

செலவு கேரளாதான் கம்மி, தங்கல், சாப்பாடு, கைடு எல்லாம் சேர்த்து ஹோம்ஸ்டேலயே பேசிக்கலாம். இலங்கைக்கு விமானம், விசா அனுமதி, ட்ரிப் முழுக்க கார் டிரைவர், ஒவ்வொரு கேட்லயும் வெளிநாட்டவர் டிக்கெட்னு சேர்ந்துடும், சிங்கராஜாலருந்து நுவரெலியாவுக்கு மலைப்பாதைல ஒரு பகலே போயிடும். மொழி பத்திக் கவலைப்பட வேண்டாம், குடாவ கைடுங்களுக்கு பறவைப் பேரெல்லாம் இங்கிலீஷ்ல அத்துப்படி, நுவரெலியா பக்கம் தேயிலைத் தோட்டத்து மக்கள் நம்ம தமிழ்லயே பேசுவாங்க. அட்டை ரெண்டு பக்கமும் உண்டு, லீச் சாக்ஸ் கட்டாயம். பைனாகுலர் 8x42 (எட்டு மடங்கு பெருசாக் காட்டும், முன் லென்ஸ் 42 மி.மீ.) எடுத்துக்கோங்க, காட்டுக்குள்ள இருட்டுல பெரிய ஜூமை விட அதுதான் உதவும்.

முதல் தடவை போறவங்க, குழந்தைகளைக் கூட்டிட்டுப் போறவங்க, ஃபோட்டோ முக்கியம்னு நினைக்கறவங்க தட்டேக்காடு–மூணாறு போங்க, டிசம்பர்லருந்து ஜனவரிக்குள்ள முடிச்சுட்டா ராஜமலையும் திறந்திருக்கும், வலசைப் பறவைகளும் இருக்கும். ஏற்கனவே மேற்குத் தொடர்ச்சி மலைல நல்லா சுத்தினவங்க, பறவை லிஸ்ட்டை விட காடு எப்படி இயங்குதுன்னு பாக்க ஆசைப்படறவங்க சிங்கராஜாக்கு ஜனவரி கடைசிலருந்து மார்ச்சுக்குள்ள போங்க, மழை கொஞ்சம் ஓய்ஞ்சிருக்கற நேரம் அதுதான். அங்க ஒரு நாள் மட்டும்னு மட்டும் போட்டுடாதீங்க. ஒரு காலை மழைல போயிட்டா கூட்டத்தையே பாக்காம திரும்பி வர வேண்டியிருக்கும், குறைஞ்சது ரெண்டு ராத்திரி தங்கற மாதிரி கைடுகிட்ட பேசுங்க.