புகைத்தவர்களுக்கான லோ டோஸ் சிடி ஸ்கேன்: 5-க்கு 4

என் கணவருக்கு 58 வயது. அரசுப் பேருந்து ஓட்டுநர். 30 வருடம் தினமும் 15 சிகரெட் பிடித்தவர், நிறுத்தி ஆறு வருடம் ஆகிறது. இருமல் இல்லை, எடையும் குறையவில்லை. இப்படி இருப்பவருக்கு, ஊசி போட்டுத் திசு எடுக்காமல், மூச்சுக்குழாயில் ட்யூப் விடாமல், நுரையீரலில் புற்றுநோய் ஏதும் ஆரம்பித்திருக்கிறதா என்று பார்க்க, குறைந்த கதிர்வீச்சில் எடுக்கும் லோ டோஸ் சிடியைத்தான் சொல்வேன். போன மாதம் மதுரையில் ஒரு ஸ்கேன் சென்டரில் எடுத்தோம். மூவாயிரத்துச் சொச்சம் ஆனது. ஸ்கேனுக்கும் அங்கிருந்த ரேடியாலஜிஸ்ட்டுக்கும் முழு மார்க். பில்லிங் கவுண்டருக்கும் கட்டடத்துக்கும் சேர்த்து ஒரு நட்சத்திரத்தைக் குறைத்திருக்கிறேன். குறையும் சொல்லப் போவதால் சென்டரின் பெயரை எழுதவில்லை.

இது எல்லோருக்குமான ஸ்கேன் இல்லை. அமெரிக்காவில் 2021-ல் வந்த பரிந்துரைப்படி வயது 50 முதல் 80 வரை இருக்க வேண்டும், குறைந்தது 20 'பேக் இயர்' புகைத்திருக்க வேண்டும், இன்னும் புகைப்பவராகவோ விட்டு 15 வருடத்துக்குள் இருப்பவராகவோ இருக்க வேண்டும். அவர்களுக்கு வருடம் ஒரு ஸ்கேன். தினம் ஒரு பாக்கெட் வீதம் ஒரு வருடம் புகைத்தால் அது ஒரு 'பேக் இயர்'. அந்தக் கணக்கில் ஒரு பாக்கெட் என்பது 20 சிகரெட். நம் பெட்டிக்கடையில் பெரும்பாலும் வாங்குவது 10 இருக்கிற பாக்கெட், அதை வைத்துக் கணக்குப் போட்டால் தப்பாகிவிடும். இவருக்கு நாளைக்கு முக்கால் பாக்கெட், 30 வருடத்துக்கு 22.5. நம் நாட்டில் அரசு நடத்தும் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் வாய், மார்பகம், கருப்பைவாய் மூன்றுக்கும்தான். நுரையீரலுக்கு நாமாகக் கேட்டுப் போனால்தான் உண்டு.

போனிலேயே "லோ டோஸ்" என்று சொல்லித்தான் பதிவு செய்தேன். ஆனால் கவுண்டரில் இருந்த பெண் 'சிடி செஸ்ட் வித் கான்ட்ராஸ்ட்' என்று பில் அடித்துவிட்டார். கேட்டதற்கு, "ரெண்டும் ஒண்ணுதாம்மா, இதுல இன்னும் கிளியரா தெரியும்" என்றார். ஒன்றே இல்லை. கான்ட்ராஸ்ட் என்றால் நரம்பில் மருந்து ஏற்ற வேண்டும், அதற்குமுன் சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வழக்கமான நெஞ்சு சிடியில் கதிர்வீச்சு சுமார் 7 மில்லிசீவர்ட், லோ டோஸில் 1.5 அளவுதான். நோய் இல்லாத மனிதருக்கு வருடா வருடம் எடுக்கப்போகிற ஸ்கேன் இது, இந்த வித்தியாசத்தை எப்படி விட முடியும்? ரேடியாலஜிஸ்ட்டைப் பார்க்காமல் போகமாட்டேன் என்று நின்றேன். அவர் வந்து பில்லைப் பார்த்த உடனே மாற்றச் சொல்லிவிட்டார். நான் கேட்காமல் இருந்திருந்தால்?

அப்புறம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. வெறும் வயிற்றோடு வரத் தேவையில்லை. சட்டையையும் கழுத்திலிருந்த தாயத்துக் கயிற்றையும் கழற்றச் சொன்னார்கள். மல்லாந்து படுத்து இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி வைக்க வேண்டும். டெக்னீஷியன் தம்பி முதலில் மெஷினை ஓட்டாமலேயே பழக்கினார்: "மூச்சை நல்லா இழுங்க ஐயா, பிடிச்சுக்கோங்க, இப்ப விடுங்க." மூச்சு அசைந்தால் சின்னப் புள்ளிகள் மங்கிவிடும், அதனால்தான் இந்த ஒத்திகை. உண்மையில் படம் எடுத்தது சில நொடிகள். கடைசியில் மெஷின் தரும் டோஸ் தாளையும் கேட்டு வாங்கினேன். அதில் மெஷின் வெளிவிட்ட கதிர்வீச்சு மில்லிகிரே என்ற வேறு அலகில் இருக்கும், சராசரி உடம்புக்கு 3-க்குள் இருக்க வேண்டும். இவருடையது 2-ஐ ஒட்டி இருந்தது.

ரிப்போர்ட்டில் வலது நுரையீரலின் மேல் பகுதியில் 4 மி.மீ. புள்ளி ஒன்று என்று போட்டிருந்தது. படித்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. ரேடியாலஜிஸ்ட் எங்கள் இருவரையும் மானிட்டர் முன்னால் உட்கார வைத்துக் காட்டினார். புள்ளி எலும்பைப் போலவே வெள்ளை வெளேரென்று இருந்தது. முழுக்கச் சுண்ணாம்பு படிந்த பழைய தழும்பு என்றார். "வீட்ல யாருக்காவது டிபி இருந்துச்சா?" என்று கேட்டார். இவருடைய அம்மாவுக்கு இருந்தது. நம் நாட்டில் இப்படித் தழும்போடு இருப்பவர்கள் ஏராளம். இந்த ஸ்கேன் முடிவுகளைத் தரம் பிரிக்கும் 'லங்-ராட்ஸ்' முறையில் 1 என்று வகைப்படுத்தி, அடுத்த ஸ்கேன் ஒரு வருடம் கழித்து என்று எழுதிக் கொடுத்தார்.

இந்தப் பத்து நிமிடப் பேச்சுக்காகவே அந்த இடத்துக்கு மறுபடி போவேன். 2011-ல் முடிவு வெளியான அமெரிக்காவின் நேஷனல் லங் ஸ்கிரீனிங் ட்ரயலில் 53,000-க்கும் அதிகமானவர்கள் இருந்தார்கள். லோ டோஸ் சிடி எடுத்தவர்களிடம், எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 சதவீதம் குறைந்தது. அதே ஆய்வில், சிடியில் சந்தேகம் என்று வந்த முடிவுகளில் 96 சதவீதம் கடைசியில் புற்றுநோயே இல்லை. ஆகவே ரிப்போர்ட்டைக் கவரில் போட்டுக் கையில் திணித்து அனுப்பினால் வீடே தூங்காது. விளக்கிச் சொல்ல ஆள் இருக்கிற இடமாகப் பார்த்துப் போங்கள்.

அதே கவுண்டரில் 'கேன்சர் பேக்கேஜ்' என்று எக்ஸ்ரேயும் சிஇஏ ரத்தப் பரிசோதனையும் சேர்த்து விற்கிறார்கள். தயவுசெய்து இதற்குப் பதிலாக அதை வாங்காதீர்கள். சிஇஏ என்பது சில புற்றுநோய்களில் ரத்தத்தில் கூடும் ஒரு புரதம். அது புகைப்பவர்களுக்குப் புற்றுநோய் இல்லாமலே கூடும், புற்றுநோய் இருந்தும் கூடாமல் இருக்கும். சளிப் பரிசோதனையில் நுரையீரலின் ஓரத்தில் இருக்கிற கட்டி பெரும்பாலும் சிக்காது. ரத்தத்தில் இஜிஎஃப்ஆர் என்ற மரபணுவின் மாற்றம் பார்க்கும் லிக்விட் பயாப்ஸி நல்ல விஷயம்தான், ஆனால் அது முக்கியமாகப் பயன்படுவது, நோய் உறுதியானவருக்கு எந்த மாத்திரை என்று முடிவு செய்ய. சர்க்கரையை அதிகம் இழுக்கும் இடங்களைப் பளிச்சென்று காட்டும் பெட் ஸ்கேனும் தனியாகத் தீர்ப்புச் சொல்லாது. என் அண்ணனின் மாமனாருக்கு அதில் பளிச்சென்று தெரிந்த இடம், திசு எடுத்துப் பார்த்தபோது டிபி. புற்றுநோய் என்று உறுதியாகச் சொல்ல திசு எடுத்துத்தான் ஆக வேண்டும். சளியில் ரத்தமோ விடாத இருமலோ இருந்தால் இந்த ஸ்கேனுக்குப் பதிவு செய்துகொண்டு காத்திருக்காமல், நேரே நெஞ்சக மருத்துவரிடம் போங்கள்.

போகிறவர்களுக்கு இன்னொன்று: படங்களை டிஸ்க்கிலோ பென்டிரைவிலோ கேட்டு வாங்குங்கள். அடுத்த வருடம் அந்தப் புள்ளி வளர்ந்திருக்கிறதா என்று ஒப்பிட ஃபிலிம் மட்டும் போதாது. எங்களுக்கு இரண்டு முறை கேட்ட பிறகுதான் தந்தார்கள். ஸ்கேன் அறை முதல் மாடியில் இருக்கிறது, லிஃப்ட் கிடையாது. எங்களுக்கு முன்னால் போன பெரியவர் பாதிப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கி நின்றார். நுரையீரல் பார்க்க வருகிறவர்களைப் படியேற வைப்பதை அந்த நிர்வாகம் முதலில் மாற்ற வேண்டும்.