பம்ப் வாங்கும் முன் விடுப்பை எண்ணுங்கள்

மாசமாக இருக்கும் தோழி ஒருத்தி போன வாரம் ஐந்து படங்களை அனுப்பி, "இதுல எதை வாங்கறதுக்கா?" என்று கேட்டாள். ஐந்துமே தாய்ப்பாலை எடுத்து வைக்கும் பிரெஸ்ட் பம்ப். ஒன்று எழுநூறு ரூபாய், இன்னொன்று பதினேழாயிரம். "எப்போ வேலைக்குத் திரும்புற?" என்றேன். "அதுக்கும் இதுக்கும் என்னக்கா சம்பந்தம்?" என்றாள். நிறைய இருக்கிறது.

என் சித்தி மகள் அரசுப் பள்ளி ஆசிரியை. தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் பேறுகால விடுப்பு 12 மாதம். ஒரு வருடம் பிள்ளையோடு வீட்டிலேயே இருந்தாள். வாங்கி வைத்த கைப்பம்ப்பை நாலு தடவைக்கு மேல் அவள் தொட்டதில்லை. நான் தனியார் நிறுவனம். 2017-இல் பேறுகாலச் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. ஆறு மாதம் ஆயிற்றே என்று நிம்மதியாக இருந்தேன். ஆனால் அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். கால் வீக்கம், இரத்த அழுத்தம் என்று அந்த எட்டையும் முன்பே கரைத்துவிட்டேன். மீதி 18 வாரம். வேலைக்குத் திரும்பியபோது பிள்ளைக்கு நாலு மாதம் சொச்சம். தாய்ப்பாலைத் தவிர வேறொன்றும் கொடுக்கக் கூடாத வயசு. காலை எட்டுக்கு வீட்டை விட்டால் மாலை ஆறரைக்குத்தான் திரும்புவேன்.

ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை பிள்ளை குடிக்கும் அளவு பெரிதாகக் கூடுவதில்லை. ஒரு நாளைக்குச் சுமார் 750 மில்லி. பிரிந்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 30 முதல் 45 மில்லி என்று வைத்துக்கொண்டால் போதும். எனக்கு நானூறு மில்லிக்கு முன்னே பின்னே தேவைப்பட்டது. உங்களுக்கான இந்த எண் தெரிந்துவிட்டால் பாதிப் பம்ப்புகள் தானாகவே பட்டியலிலிருந்து கழன்றுவிடும்.

முதலில், காசே இல்லாத வழி: கை. கட்டைவிரல் மேலே, மற்ற விரல்கள் கீழே, காம்பிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி வைத்து, நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து விட வேண்டும். காம்பைப் பிடித்து இழுப்பதல்ல. பிரசவமான முதல் இரண்டு மூன்று நாள் வரும் சீம்பாலுக்குக் கையை மிஞ்சிய கருவி இல்லை. கெட்டியான அந்தச் சில சொட்டுகள், பம்ப்பில் மார்போடு பொருத்தும் புனலில் ஒட்டியே வீணாகிவிடும். அதைப் பாலாடைச் சங்கில் நேராகப் பிடித்துப் புகட்டிவிடலாம். நம் பாட்டிமார் வைத்திருந்த அந்தச் சங்கைத்தான் இன்றைக்கும் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அலுவலகத்தில் தினம் மூன்று வேளை கையால் எடுப்பது எல்லோராலும் முடிகிற காரியமில்லை. எனக்கு மணிக்கட்டு போய்விட்டது.

அடுத்தது கைப்பம்ப். ரப்பர் குமிழ் வைத்து, சைக்கிள் ஹாரன் மாதிரி ஒன்று சில மருந்துக்கடைகளில் இருக்கும். அதை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். குமிழுக்குள் பால் போய்விட்டால் கழுவ முடியாது. நெம்புகோல் பிடி வைத்ததுதான் கைப்பம்ப். இதில் மெடெலா ஹார்மனியும் ஃபிலிப்ஸ் அவெண்ட்டும் எதிரும் புதிரும். ஹார்மனியின் பிடிக்கு இரண்டு முனை. குட்டையான முனையை வேகமாக அழுத்தினால் பால் இறங்கத் தூண்டும். நீளமான முனை நிதானமாக இழுத்தெடுக்கும். பிள்ளை முதலில் சப்சப்பென்று வேகமாகச் சப்பி, பால் இறங்கியதும் நிதானத்துக்கு வருமே, அதே தாளம். அவெண்ட்டின் வாய்ப்பகுதியில் மெத்தென்ற சிலிக்கான் இருக்கிறது. முதல் தொடுதலில் அதுதான் சுகமாக இருக்கும். ஆனால் ஹார்மனிக்கு வேறு வேறு அளவுப் புனல் மாட்டலாம், அது பெரிய வசதி. லவ்லாப் போன்ற நம் ஊர் பிராண்டுகள் ஆயிரத்துக்குள்ளேயே கிடைக்கும். வாரத்துக்கு ஓரிரு முறை, கல்யாணம் காட்சி, மார்பு கட்டிக்கொண்டால் கொஞ்சம் தளர்த்த என்றால் இதற்கு மேல் செலவழிக்க வேண்டியதே இல்லை. கரண்ட் போனாலும் கவலையில்லை.

மின்சாரப் பம்ப்பில் நான் தவறு செய்தது ஒற்றைப் பம்ப்பில். விலை பாதி என்று வாங்கினேன். ஒரு பக்கம் இருபது நிமிடம், மறுபக்கம் இருபது நிமிடம்; கழுவிக் காயவைக்கும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு மணி நேரம். எந்த மேலாளர் பொறுப்பார்? பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை உணவு இடைவேளை போக இன்னும் இரண்டு இடைவேளை உண்டு என்று 1961-ஆம் ஆண்டுப் பேறுகாலச் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். என் அலுவலகத்தில் அதைக் கேள்விப்பட்டவர்கூட இல்லை. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது 2017 திருத்தம். எங்களிடம் இருந்தது பழைய பிரிண்டர்கள் அடுக்கிய ஓர் அறை. கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, நாற்காலியைச் சாய்த்து வைப்பேன். அந்த ஒற்றைப் பம்ப்பும் மூன்றாவது மாதத்தில் மூச்சை விட்டது. சர்வீஸ் சென்டர் எண் எப்போதும் பிஸி.

அதற்குப் பிறகு வந்தது ஸ்பெக்ட்ரா. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். பதினைந்து இருபது நிமிடத்தில் எழுந்துவிடலாம். எஸ்1, எஸ்2 என்று இரண்டு இருக்கின்றன, மோட்டார் ஒன்றுதான். நீல நிற எஸ்1-இல் சார்ஜ் ஏற்றும் பேட்டரி உண்டு, இளஞ்சிவப்பு எஸ்2-வுக்குச் சுவரில் பிளக் வேண்டும். வீட்டில் மட்டும் என்றால் எஸ்2 போதும். அந்தப் பிரிண்டர் அறையில் பிளக் பாயிண்ட் மேசைக்குப் பின்னால் இருந்ததால் நான் எஸ்1 வாங்கினேன். குறை என்றால் எடையும் உருவமும்தான். சாப்பாட்டுப் பை, தண்ணீர் பாட்டில், லேப்டாப்போடு மின்சார ரயிலில் அதைத் தூக்கிப் பார்த்தால் தெரியும். அந்த விதத்தில் மெடெலாவின் ஸ்விங் மேக்ஸி கைப்பைக்குள் அடங்கிவிடும். ரயில், பஸ் மாறிப் போகிறவருக்கு அதைச் சொல்வேன், ஸ்கூட்டரிலோ காரிலோ போகிறவருக்கு ஸ்பெக்ட்ராவை.

பெட்டியில் கொட்டை எழுத்தில் போடும் உறிஞ்சு விசை எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். வலிக்கும் அளவுக்கு ஏற்றினால் உடம்பு இறுகிப் பால் இறங்க மறுக்கும். வலிக்காத அளவில் எவ்வளவு முடியுமோ அவ்வளவுதான் உங்கள் அளவு. நான் கடைசிவரை பாதிக்கு மேல் ஏற்றியதில்லை.

உண்மையில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது புனல். பெரும்பாலான பெட்டிகளில் 24 மில்லிமீட்டர் புனல்தான் வரும். எனக்குக் காம்பு இழுபட்டுச் சிவந்து, பிரா உரசினாலே கண்ணில் தண்ணீர் வந்தது. பால் வேறு குறைந்தது. "பால் இல்லை, டப்பாப் பால் கொடு" என்று மாமியார் ஆரம்பித்துவிட்டார். பாலூட்டல் ஆலோசகர் ஒருவர் ஸ்கேலை எடுத்துக் காம்பின் விட்டத்தை அளந்தார்: 16. ஓரிரண்டு மில்லிமீட்டரிலிருந்து நான்கு வரை கூட்டிக்கொள்ள வேண்டுமாம். 19-ஆக்கும் சிலிக்கான் வளையம் முந்நூறு ரூபாய். அதை மாட்டிய அன்று அதே பம்ப், அதே மோட்டார், முப்பது மில்லி கூடுதலாக வந்தது. புனலின் ஓரத்தில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னதும் அவர்தான். ஆகவே எந்த பிராண்டாக இருந்தாலும், வேறு அளவுப் புனலோ வளையமோ கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். கூடவே வாத்து அலகு மாதிரி இருக்கும் அந்தச் சின்ன வால்வு. நாளுக்கு மூன்று முறை ஓடினால் சில வாரங்களில் தளர்ந்துவிடும், இழுவை குறையும். நாம் பால்தான் வற்றிவிட்டது என்று பூண்டும் சுறாப்புட்டுமாகத் தின்போம்.

பிராவுக்குள் வைத்துக்கொள்ளும் கம்பியில்லாப் பம்ப்புகள்தான் இப்போது விளம்பரம் முழுக்க. எல்வி, மாம்கோசி முதல் நம் ஊர் பிராண்டுகள் வரை. அணிந்தபடி தோசை ஊற்றலாம், கூட்டத்தில் உட்காரலாம். தோழி அனுப்பிய ஐந்தில் மூன்று இந்த ரகம். ஆனால் காம்பு நடுவில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பது கஷ்டம், சட்டென்று குனிந்தால் பால் கொட்டும், பலருக்கு மார்பு முழுதாகக் காலியாவதில்லை. பால் சுரப்பு நிலைப்பட்ட பிறகு இரண்டாவது பம்ப்பாக வைத்துக்கொள்ளலாம். முதல் பம்ப்பாக, அதுவும் முதல் மாதத்தில், வேண்டவே வேண்டாம்.

ஹாக்கா என்ற சிலிக்கான் குடுவையைப் பம்ப் என்று சொல்வதே அதிகம். ஒரு பக்கம் பிள்ளை குடிக்கும்போது மறுபக்கம் ஒழுகுவதைப் பிடித்து வைக்கும். நல்ல பொருள், அவ்வளவுதான்.

குறைமாதத்தில் பிறந்து பிள்ளை இன்குபேட்டரில் இருந்தால் கணக்கே வேறு. அப்போது எதையும் வாங்காமல், மெடெலா சிம்பொனி போன்ற மருத்துவமனைப் பம்ப்பை வாடகைக்கு எடுப்பதே சரி. சப்பிச் சுரப்பை உண்டாக்கப் பிள்ளை பக்கத்தில் இல்லாதபோது, அந்த வேலை முழுக்கப் பம்ப்பின் தலையில் விழுகிறது. இரவு சேர்த்து நாளுக்கு எட்டு முறையாவது எடுக்க வேண்டியிருக்கும். சாதாரணப் பம்ப் அதைத் தாங்காது.

வாடகைப் பம்ப்பைப் பலர் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறார்களே, அண்ணி கொடுத்த பழைய பம்ப்பை நான் ஏன் பயன்படுத்தக் கூடாது என்று கேட்பீர்கள். நம் வீடுகளில் தொட்டிலும் அரைஞாணும் கைமாறுவது போல இதுவும் கைமாறும். மருத்துவமனைப் பம்ப்பில் பாலும் ஈரமும் மோட்டாருக்குப் போகாதபடி தடுப்பு உண்டு. குழாயும் புனலும் அவரவருக்குத் தனி. வீட்டுப் பம்ப்புகள் பலவற்றில் அந்தத் தடுப்பு இல்லை. ஈரம் குழாய் வழியே உள்ளே போய்ப் பூஞ்சை பிடித்தால் வெளியே தெரியாது, கழுவவும் முடியாது. தடுப்பு இருக்கும் ஸ்பெக்ட்ராவைக்கூட ஒருவருக்கு மட்டும் என்றுதான் விற்கிறார்கள். அண்ணி மனம் நோகாமல் வாங்கிப் பரணில் வைத்துவிடுங்கள்.

எந்தப் பம்ப் வாங்கினாலும் ஐஸ் கட்டியோடு ஒரு குளிர்ப்பையும் வாங்குங்கள். எடுத்த பால் 25 டிகிரிக்குள் நாலு மணி நேரம் தாங்கும் என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். சென்னையில் எந்த மாதத்தில் 25 டிகிரி? ஐஸ் வைத்த பையில் 24 மணி நேரம், ஃபிரிட்ஜின் உள்பக்கம் நாலு நாள்.

தோழி பொதுத்துறை வங்கியில் இருக்கிறாள்; பிரசவத்துக்கு இன்னும் ஏழு வாரம். இப்போதைக்கு ஒரு ஹார்மனி மட்டும் வாங்கச் சொன்னேன். பெரிய பம்ப்பை வேலைக்குத் திரும்ப ஒரு மாதம் இருக்கும்போது பார்த்துக்கொள்ளலாம், அப்போதுதான் காம்பின் அளவும் சரியாகத் தெரியும். "அதுக்குள்ள ஆஃபர் முடிஞ்சிடுமேக்கா" என்றாள்.