டிராவல் பக்: பல வருடப் பயன்பாடும் பொய் லாக் தொல்லையும்

ஜெர்மனிக்கு வந்த பிறகு தொற்றிக்கொண்ட பழக்கம் ஜியோகேச்சிங், அதாவது யாரோ ஒளித்து வைத்த டப்பாவை (அதுதான் கேச்) ஜிபிஎஸ் வைத்துத் தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டு. காட்டுக்குள் டப்பா தேடுவதை விட, டிராக்கபிள்களை, அதாவது கோட் பொறித்து டப்பாவுக்கு டப்பா பயணிக்கும் பொருள்களை, ஊர் சுற்ற அனுப்புவதில்தான் எனக்கு ஆசை அதிகம். பல வருடங்களாகச் சில டிராவல் பக்குகளையும், நாணய வடிவ டிராக்கபிள்களான ஜியோகாயின்களையும் வெளியே விட்டு வைத்திருக்கிறேன். காசு கொடுத்து வாங்கலாமா என்று புதிதாக வருபவர்கள் கேட்கிறார்கள். தாராளமாக வாங்கலாம். ஆனால் பொய் லாக் என்று, பொருளைப் பார்க்காமலே பார்த்ததாக இணையத்தில் பதிவு போடும் ஒரு தொல்லை இருக்கிறது, அதைப் பற்றித் தெரிந்துகொண்டு வாங்குங்கள். கடைக்காரர் யாரும் இதைச் சொல்ல மாட்டார்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 2000 மே 2 அன்று அமெரிக்க அரசு ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே சேர்த்து வந்த பிழையை நிறுத்தியது. மறுநாளே ஓரிகன் மாநிலத்தில் ஒருவர் ஒரு வாளியில் சில சாமான்களைப் போட்டுப் புதைத்து வைத்து, அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்தில் போட்டார். ஆட்டம் அங்கிருந்துதான் ஆரம்பித்தது. அந்த வாளியில் இருந்த பீன்ஸ் டின் ஒன்று இன்றைக்கு டிராக்கபிளாகவே சுற்றிக்கொண்டிருக்கிறது, அதைத் தொட்டுப் பார்க்கவே ஆட்கள் கூடுவார்கள். டிராவல் பக் என்பது ராணுவ வீரர்கள் கழுத்தில் போடும் தகடு போன்ற சின்ன உலோகத் துண்டு. எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இலக்கத்தில் ஒரு ரகசியக் கோட் அதில் பொறித்திருக்கும். ஏதாவது ஒரு பொருளோடு சங்கிலியில் மாட்டி ஒரு கேச்சில் போட்டுவிட வேண்டியது. கண்டெடுப்பவர் எடுத்துக்கொண்டு போய் வேறு கேச்சில் போடலாம், அது 'கிராப்', 'டிராப்'. எடுக்காமல் பார்த்துவிட்டு மட்டும் போனால் 'டிஸ்கவர்'. ஒவ்வொரு லாக்குக்கும் உரிமையாளருக்கு மின்னஞ்சல் வரும். இணையப் பக்கத்தில் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற எண் வேறு, தகட்டில் இருக்கும் கோட் வேறு. லாக் போட இரண்டாவதுதான் வேண்டும். பொருளைக் கையில் எடுத்துப் பார்த்தவருக்குத்தான் அது தெரியும் என்ற நம்பிக்கையில் மொத்த ஏற்பாடும் நிற்கிறது.

அந்த நம்பிக்கையைத்தான் சிலர் உடைக்கிறார்கள்.

என்னிடம் இருப்பதில் எனக்குப் பிரியமானது ஒரு மரப் பம்பரம். ஊரிலிருந்து கொண்டுவந்தது, ஆணி வைத்தது, இடுப்பில் சிவப்பும் பச்சையுமாக இரண்டு வரி, அதன் கழுத்தில் சங்கிலி சுற்றித் தகடு தொங்கும். அதன் நோக்கமாக நான் பக்கத்தில் எழுதி வைத்தது ஒன்றுதான்: எந்த ஊரில் எடுத்தாலும் ஒருமுறை சுழற்றிப் பார்த்துப் படம் போடுங்கள். சாட்டைக் கயிற்றையும் கூடவே வைத்திருந்தேன், எப்படிச் சுற்றுவது என்று படம் வரைந்த ஒரு துண்டுச் சீட்டோடு. நார்வேயில் ஒரு படகுத்துறைப் பலகையில், போர்ச்சுகலில் யாரோ ஒரு பாட்டியின் சமையலறைத் தரையில், செக் நாட்டில் பனி உறைந்த ஒரு பள்ளிக்கூட முற்றத்தில் என்று அது சுழன்ற படங்கள் வந்தபோது கிடைத்த சந்தோஷம் இருக்கிறதே, அதற்காக இன்னும் பத்து தகடு வாங்கலாம்.

அப்புறம் ஒரு சமயம் சங்கிலி அறுந்து, நல்ல மனசுக்காரர் ஒருவர் பம்பரத்தைப் பத்திரமாக என்னிடமே கொண்டுவந்து கொடுத்தார். புதுச் சங்கிலி வாங்கும் வரை மேசை டிராயரில் கிடந்தது. அப்போதுதான் மின்னஞ்சல் வருகிறது: 'நேற்று நிகழ்வில் பார்த்தேன், பயணம் தொடர வாழ்த்துகள்.' எழுதியவர் வேறு நாட்டுக்காரர். டிராயரைத் திறந்து பார்க்கிறேன், பம்பரம் அங்கேயே இருக்கிறது. இங்குள்ள நண்பர்கள் சிலரிடம் கேட்டால், அவர்களுடைய காயின்களுக்கும் அதே நாளில், எழுத்துப் பிசகாமல் அதே வரி வந்திருக்கிறது. அதில் ஒன்று அவர்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியை விட்டு வெளியே போனதே கிடையாது. அதன் பிறகு இந்த மாதிரி லாக்குகள் வருவது நிற்கவில்லை. 'பழைய குறிப்புகளைச் சரிபார்த்தபோது விட்டுப்போனது தெரிந்தது', 'எங்கேயோ ஒரு நிகழ்வில் பார்த்தேன்', சில சமயம் வெறும் ஒரு புள்ளி. டிராக்கபிளை நான் செயல்படுத்துவதற்கு முந்தைய தேதி போட்டு வந்த லாக் கூட உண்டு.

கோட் எப்படி வெளியே போகிறது என்றால், பெரும்பாலும் மூன்று வழி. தகடு தெளிவாகத் தெரிய எடுத்த படத்தைக் கண்டெடுத்தவர் பக்கத்தில் ஏற்றிவிடுவது, இது தெரியாமல் நடப்பது, சொன்னால் உடனே எடுத்துவிடுவார்கள். இரண்டாவது, ஜியோகேச்சிங் ஆட்கள் ஒன்றுகூடும் பெரிய நிகழ்வுகள். ஐநூறு பேருக்கு மேல் கூடினால் மெகா, ஐயாயிரம் தாண்டினால் கிகா, 2014இல் மியூனிக்கில்தான் முதல் கிகா நடந்தது. அங்கே மேசை நிறைய டிராக்கபிள் பரப்பி வைத்திருப்பார்கள், நின்று ஒவ்வொன்றாகப் பார்க்கப் பொறுமை இல்லாதவர்களுக்கென்று எல்லாக் கோட்களையும் தாளில் அச்சடித்தும் வைத்துவிடுகிறார்கள். அந்தத் தாளைப் படம் பிடித்து நாலு பேருக்கு அனுப்பினால் முடிந்தது கதை. மூன்றாவதுதான் மோசம்: கோட்களைப் பட்டியலாகச் சேர்த்துப் பரிமாறிக்கொள்வதற்கென்றே இருக்கும் குழுக்கள். அங்கே ஒட்டுமொத்தமாக வாங்கி ஒட்டுமொத்தமாக லாக் போடுகிறார்கள்.

எதற்கு? ஐகானுக்காக. சில ஜியோகாயின்களுக்குத் தனிச் சின்னம் உண்டு, அதை லாக் செய்தால் நம் பக்கத்தில் சேரும். அரிதான காயினின் சின்னம் வரிசையில் இருந்தால் பெருமை. எண்ணிக்கை ஏறுவதும் ஒரு போதை.

'இதில் உனக்கு என்ன நஷ்டம், டிஸ்கவர் போட்டால் அது பயணித்த தூரக் கணக்குகூட மாறாதே' என்று என்னிடம் நேரடியாகவே கேட்டிருக்கிறார்கள். மாறாதுதான். ஆனால் டிராவல் பக் அனுப்பியவருக்குத் திரும்பக் கிடைப்பது ஒரே ஒரு விஷயம், சேதி. பொருள் நம் கையில் இல்லை, திரும்பி வருமா என்பதும் நிச்சயமில்லை, பெரும்பாலானவை எங்கேயாவது ஒரு கட்டத்தில் காணாமல்தான் போகின்றன. நடுவில் வரும் அந்தச் சில வரிகளுக்காகத்தான் அனுப்புகிறோம். மாதக்கணக்கில் ஓசையில்லாமல் கிடந்த ஒரு டிராக்கபிளிலிருந்து திடீரென்று மின்னஞ்சல் வந்தால் மனசு துள்ளும், திறந்து பார்த்தால் யாரோ பட்டியலைப் பார்த்துத் தட்டியது. இது நாலைந்து முறை நடந்துவிட்டால் உண்மையான சேதியையும் சந்தேகத்தோடுதான் திறக்கத் தோன்றுகிறது. காணாமல் போனது எங்கே கடைசியாக இருந்தது என்று தேடவும் முடியாது, ஏனென்றால் கடைசி பத்து லாக்கில் எது நிஜம் என்றே தெரியாது. குழந்தைகள் அனுப்பிய பொம்மைகளுக்கு இப்படி வரும்போது எனக்கு நிஜமாகவே கோபம் வருகிறது.

பொய் கிராப் இன்னும் தொல்லை. இங்கே ஒரு கேச்சுக்குள் இருக்கும் டிராவல் பக்கை, கோட் தெரிந்த ஒருவர் கடல் கடந்த ஊரில் உட்கார்ந்து 'எடுத்துவிட்டேன்' என்று போட்டால், கேச்சின் இருப்புப் பட்டியலிலிருந்து அது மறைந்துவிடும். கூடவே தன் ஊர் கேச்சுகளில் 'விசிட்', அதாவது கையோடு அங்கே கொண்டுபோனதாகப் பதிவு, போட்டுவிட்டால் வரைபடத்தில் அட்லாண்டிக்கின் குறுக்கே ஒரு கோடு விழும், போகாத ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கணக்கில் ஏறும். அந்த லாக்குகளை நீக்கிவிட்டு, பக்கத்தில் இருக்கும் தூரத்தை மறுபடி கணக்கிடும் வசதியை அழுத்தினால் சரியாகும்.

நேரில் பார்க்காமல் டிஸ்கவர் போடுவது எல்லாமே தப்பு என்று நான் சொல்லவில்லை. 2021 பிப்ரவரியில் செவ்வாயில் இறங்கிய பெர்சிவரன்ஸ் ரோவரில் ஒரு டிராக்கபிள் இருக்கிறது. ஷெர்லாக் என்ற கருவியின் அளவுத்திருத்தப் பலகையில், விண்வெளி வீரர்களின் தலைக்கவசக் கண்ணாடிக்கான பொருளில் செய்த ஒரு துண்டில் அதன் கோட் இருக்கிறது. ரோவர் அனுப்பும் படத்தில் அந்தக் கோட் எது என்று கண்டுபிடித்து லாக் போடுங்கள் என்று வைத்தவர்களே கூப்பிடுகிறார்கள். அங்கே படத்தில் பார்ப்பதுதான் ஆட்டம். அனுப்பியவர் என்ன கேட்கிறாரோ அதைச் செய்வது மரியாதை, அவ்வளவுதான் விஷயம். என் பம்பரத்துக்கு நான் கேட்டது சுழற்றச் சொல்லி.

இப்போது என் நடைமுறை இது. சந்தேகமான லாக் வந்தால் முதலில் எழுதிக் கேட்கிறேன், எங்கே பார்த்தீர்கள், எதோடு மாட்டியிருந்தது என்று. உண்மையாகப் பார்த்தவர் 'அந்த வரி போட்ட மரச் சாமான்தானே' என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். பதில் இல்லை என்றால் நீக்கிவிடுகிறேன், உரிமையாளருக்கு அந்த உரிமை உண்டு, தயங்க வேண்டாம். சிலர் மறுபடி போடுவார்கள், மறுபடி நீக்க வேண்டியதுதான். பொருள் தொலைந்துபோய் கோட் மட்டும் பட்டியல்களில் சுற்றுகிறது என்றால் டிராக்கபிளையே பூட்டிவிடலாம், அதன் பிறகு புது லாக் விழாது. நோக்கத்தில் படம் கேட்பது நல்ல காவல். எந்தப் பொருளோடு மாட்டியிருக்கிறோம் என்பதைப் பக்கத்தில் முழுதாக எழுதாமல் விடுவதும் உதவும், அப்போதுதான் கேள்விக்கு அர்த்தம் இருக்கும்.

தகடு ஜோடியாகத்தான் வரும், ஒன்றைக் கட்டாயம் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், அதையும் படம் எடுத்துப் போடாதீர்கள். காசு செலவழிக்க வேண்டாம் என்பவர்களுக்கு ஜியோகிரெட்டி என்று இலவச ஏற்பாடு ஒன்று இருக்கிறது, சீட்டை நாமே அச்சடித்து ஒட்டிக்கொள்ளலாம். முதல் முறை வாங்குபவர்கள் விலை உயர்ந்த காயினை வெளியே விடாதீர்கள், அது பளபளப்புக்காகவே யாராவது பையில் போய்விடும், அதன் சின்னத்துக்காகப் பொய் லாக்கும் குவியும். சாதாரணத் தகடும், தொலைந்தாலும் மனசு ஆறக்கூடிய ஒரு சின்னப் பொருளும் போதும். நிகழ்வு நடத்துபவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: மேசையில் டிராக்கபிள்களைப் பரப்புங்கள், கோட் பட்டியல் அச்சடிப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். பார்க்க வேண்டியவர்கள் கையில் எடுத்துப் பார்த்துக்கொள்ளட்டும்.